எக்ஸ்பான்ஷன் வந்த அன்றைக்கே சிங்கிள் பிளேயரையும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

11 ஏப்ரல் 2019, இரவு 9.20 (கேள்வி)

ஹார்த்ஸ்டோன் என்ற ஆன்லைன் கார்டு ஆட்டத்தில் ரைஸ் ஆஃப் ஷேடோஸ் எக்ஸ்பான்ஷன் (புது கார்டுத் தொகுப்பு) வந்து இரண்டு நாள் ஆகிறது. 135 கார்டும் இறங்கியாச்சு. கம்ப்யூட்டரோடு தனியாக மோதும் சிங்கிள் பிளேயர் மட்டும் மே மாதம்தானாம். எனக்கு லேடர் (மற்றவர்களோடு மோதித் தரவரிசையில் ஏறும் ஆட்டம்) பிடிக்காது, முகம் தெரியாதவனிடம் தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது. அண்ணன்மார் யாராவது விளக்குங்கள். தயாராகவில்லை என்றால் மொத்தத்தையும் தள்ளிப்போட வேண்டியதுதானே? தயாராக இருக்கிறது என்றால் கொடுக்க வேண்டியதுதானே? எங்களுக்கு மே மாதம் செமஸ்டர் வேறு.
— காட்பாடி ஹாஸ்டல்வாசி

11 ஏப்ரல் 2019, இரவு 10.05

காசு, தம்பி. வேறென்ன? மாதத்துக்கு எத்தனை பேர் உள்ளே வந்து போனார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர்களிடம் கணக்குச் சொல்கிற கம்பெனி அது. ஏப்ரலில் ஒரு தடவை இழுத்தாச்சு, மேயில் இன்னொரு தடவை இழுப்பார்கள். முடிந்தது கதை. நீ பரீட்சைக்குப் படி.

12 ஏப்ரல் 2019, காலை 7.30

நேற்று எழுதியதைக் காலையில் பஸ்ஸில் திருப்பிப் படித்தேன். எரிச்சலில் எழுதியது அப்படியே தெரிகிறது. பொய் இல்லை, ஆனால் அரைகுறை.

காசு மட்டும்தான் காரணம் என்றால் எல்லாத் தடவையும் ஒரே மாதிரி தள்ளியிருக்க வேண்டும். அப்படி இல்லை. 2017 டிசம்பர் 7ஆம் தேதி கோபோல்ட்ஸ் அண்ட் கேட்டகோம்ப்ஸ் எக்ஸ்பான்ஷன் வந்தபோது அதன் சிங்கிள் பிளேயரான டன்ஜன் ரன்னும் அன்றைக்கே வந்தது, அதுவும் இலவசமாக. அடுத்து விட்ச்வுட், 2018 ஏப்ரல் 12. அதன் மான்ஸ்டர் ஹன்ட் 26ஆம் தேதிதான். ஆகஸ்ட் 7இல் பூம்ஸ்டே, புதிர்க்கூடம் 21இல். டிசம்பர் 4இல் ரஸ்தகான், ரம்பிள் ரன் 13இல். ஆக இடைவெளி முதலில் இல்லவே இல்லை, அப்புறம் 14 நாள், 14 நாள், 9 நாள். இப்போது ஒரு மாதத்துக்கு மேல் போகப்போகிறது. அன்றைக்கே கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தள்ள ஆரம்பித்திருக்கிறார்கள். கொடுத்துப் பார்த்ததில் என்ன கண்டார்கள் என்பதுதான் கேள்வி.

அதற்கு என் கதையையே சொல்கிறேன். அந்த டிசம்பரில் நான் ஐம்பது பேக் (கார்டு உறை) உடைத்தேன். கார்டுகளை ஒழுங்காகப் படித்தாவது பார்த்தேனா என்றால் இல்லை. டன்ஜன் ரன் பத்து கார்டோடு ஆரம்பிக்கும், எட்டு பாஸ் (கம்ப்யூட்டர் ஆடும் எதிரி). ஒவ்வொருவனைத் தாண்டும்போதும் மூன்று மூன்றாகக் கார்டு எடுத்துச் சேர்க்க வேண்டும். ராத்திரி ஒன்றரை மணி வரை "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று உட்கார்ந்திருந்தேன். புது கார்டை வைத்து ஒரு டெக் (ஆடுவதற்கான கார்டுக் கட்டு) கூடக் கட்டவில்லை. கிறிஸ்துமஸுக்குள் ஒன்பது வகுப்பிலும் (ஆடுபவர் எடுக்கும் ஹீரோ வகை) முடித்தாச்சு. ஜனவரியில் லேடருக்குப் போனால், பேக் உடைத்த முதல் வாரத்திலேயே எல்லோரும் ஆடி, அடித்து, அலசி முடித்திருந்தார்கள். நான் மட்டும் கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது மொய்க் கவரோடு போன ஆள் மாதிரி நின்றேன்.

இரண்டு பண்டமும் ஒரே இலையில் விழுந்தால் ஒன்று ஆறிப்போகிறது. எனக்கு ஆறிப்போனது கார்டு.

13 ஏப்ரல் 2019

ஆம்பூர் நண்பர் தலையில் குட்டியிருக்கிறார். ஃப்ரோஸன் த்ரோன் எக்ஸ்பான்ஷனை மறந்துவிட்டேனாம். உண்மைதான். 2017 ஆகஸ்ட் 10. அதில் முன்கதை முதல் நாளே கிடைத்தது, மற்ற பகுதிகள் வாரவாரம் திறந்தன. கடைசியில் லிச் கிங் என்ற பாஸ். ஒன்பது வகுப்பாலும் அவனை அடித்தால் ஆர்தஸ் என்ற ஹீரோ பரிசாகக் கிடைப்பான். வகுப்புக்கு வகுப்பு அவன் ஒரு தனிக் குசும்பு வைத்திருந்தான். ஆக அது பாதி அன்றைக்கே, பாதி தவணையில். என் அழகான வரிசை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

14 ஏப்ரல் 2019

புத்தாண்டு. வடையும் பாயசமும் ஆச்சு. தூக்கம் வரவில்லை, அதனால் இது.

தம்பியின் "தயாரா, இல்லையா" என்ற கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. கேம் கம்பெனியில் நான் வேலை பார்த்ததில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்க்கிறேன். பதினோரு வருடம். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஷூ ஒரே நாளில் ஷூ ஆவதில்லை. கட்டிங், அப்புறம் ஸ்டிச்சிங், அப்புறம் லாஸ்டிங், பேக்கிங். ஒரு ஆர்டருக்குக் கட்டிங் முடித்தவர்கள் அந்த ஜோடி பெட்டிக்குள் போகும்வரை கை கட்டி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆர்டருக்குத் தோல் வெட்ட ஆரம்பித்திருப்பார்கள். எங்களிடம் கறுப்பு, டான் என்று ஒரே மாடலில் இரண்டு நிறம் கேட்பார்கள். கறுப்புத் தோல் முதலில் வரும், டான் பத்து நாள் கழித்து. டான் வரும்வரை கறுப்பையும் குடோனில் வைத்திருங்கள் என்று எந்தப் பையரும் சொன்னதில்லை. முதல் கன்டெய்னரில் கறுப்பு போகும்.

கேமுக்கு வருகிறேன். பாஸ் ஆட்டத்தை அமைப்பவன் கையில் புது கார்டு கடைசி வடிவத்தில் வேண்டும். பாஸின் டெக்கிலும் அந்தக் கார்டுதான், நாம் வழியில் எடுப்பதும் அந்தக் கார்டுதான். நாலு மனா கார்டு (மனா என்பது கார்டைப் போட ஆகும் செலவு) கடைசி நேரத்தில் ஐந்து மனா ஆனால் அது வரும் எல்லாச் சண்டையையும் திரும்ப ஆடிப் பார்க்க வேண்டும். அவன் வேலை இயல்பாகவே பின்னால்தான் நிற்கும். டான் தோல் மாதிரி. ஆக "தயாராகவில்லை என்றால் மொத்தத்தையும் தள்ளிப்போடு" என்பது ஷூ கம்பெனியில் நடக்காது. அங்கேயும் நடக்காது என்றுதான் நினைக்கிறேன்.

18 ஏப்ரல் 2019

இன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். காட்பாடி அரக்கோணம் தொகுதியில் வருவதால் எங்களுக்கு உண்டு. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கிடையாது. வேலூர் தொகுதிக்கு மட்டும் தேர்தலை ரத்து செய்துவிட்டார்கள். தோட்டப்பாளையத்து நண்பன் போன் போட்டு, "உங்களுக்கு லாஞ்ச் டே, எங்களுக்கு எப்போ சாப்டர் ரெண்டு?" என்கிறான். தேதிகூடச் சொல்லவில்லையாம்.

19 ஏப்ரல் 2019

குடியாத்தம்காரர் திருத்துகிறார். அவர்கள் எம்.பி.க்குத்தான் போடவில்லை, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு நேற்று போட்டார்களாம். ஆம்பூரிலும் அப்படித்தான். சரி, அவர்களுக்கு முன்கதை மட்டும் திறந்திருக்கிறது. ஃப்ரோஸன் த்ரோன் மாதிரி.

27 ஏப்ரல் 2019

"முழு கேமையே துண்டு போட்டு விற்பவனை என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு சங்கதியைப் போட்டுக் குழப்புகிறார்.

ஹிட்மேன் என்ற கேம் 2016இல் அப்படித்தான், ஊர் ஊராக வந்தது. மார்ச்சில் பாரிஸ், ஏப்ரலில் சபியென்சா, அப்புறம் மராகேஷ், பேங்காக், கொலராடோ, அக்டோபர் கடைசியில் ஹொக்கைடோ. முழுக்க முழுக்கத் தனியாள் ஆட்டம். அப்போது திட்டாதவர்கள் இல்லை. ஆனால் ஒரு ஊரையே மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஆட வைத்தது அந்தத் தவணைதான். மொத்தமாக வந்திருந்தால் பாரிஸை ஒரு முறை முடித்துவிட்டு நான் ரயில் ஏறியிருப்பேன். 2018இல் அடுத்த பாகத்தை மொத்தமாகவே கொடுத்தார்கள். அதையும் ஆடினேன். எந்த ஊரும் பாரிஸ் அளவுக்கு மனப்பாடம் ஆகவில்லை.

தி விட்சர் 3க்கு 16 சின்னச் சின்ன இலவசச் சேர்க்கைகள் வந்தன. அதுவும் மொத்தமாக இல்லை, வாரவாரம் பிரித்துத்தான். இலவசத்தையே தவணையில் கொடுத்தான் என்றால், காசு என்று நான் முதல் நாள் எழுதியது அங்கேயும் உதைக்கிறது. பேச்சு ஓயாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி வேறு ரகம். ஒரு கேமுக்கு, பெயர் வேண்டாம், சீசன் பாஸ் என்று முன்பணம் கட்டினேன். நாலு அத்தியாயம் என்றார்கள். இரண்டு வந்தது. மூன்றாவது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 15க்கு அறிவித்திருந்த நாலு அத்தியாயத்தில் மூன்றைப் போன நவம்பரில் ரத்து செய்தார்கள், ஆர்டின் மட்டும் இந்த மார்ச்சில் வந்தது. ஹாஃப் லைஃப் 2இன் மூன்றாவது அத்தியாயத்துக்கு நான் பிளஸ் டூ காலத்திலிருந்து காத்திருக்கிறேன். தேதி சொல்லித் தள்ளி வைப்பவனையும் தேதியே இல்லாமல் இழுப்பவனையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். என் கோபம் இரண்டாமவன் மேல்.

27 ஏப்ரல் 2019, இரவு

ஹார்த்ஸ்டோனின் பழைய சிங்கிள் பிளேயர், நாக்ஸ்ராமஸைச் சொல்ல மறந்தேன். 2014 ஜூலை. ஐந்து பகுதி, வாரத்துக்கு ஒன்று. அதில் வரும் 30 கார்டும் ஆடித்தான் வாங்க வேண்டும். கெல்துசாத் என்ற கார்டு கடைசிப் பகுதியில் இருந்தான், ஆகவே முதல் வாரம் அவன் யாரிடமும் இல்லை. அப்போது எங்கள் வீட்டு பிராட்பேண்ட் திட்டத்தில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுத் திரும்பப் படுப்பேன். கம்பெனி கேன்டீனில் நாங்கள் மூன்று பேர் ஆடிக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் அதே பாஸிடம் மாட்டிக்கொண்டிருப்போம், அதே புலம்பல். மொத்தமாகத் திறந்திருந்தால் ஒருவன் முடித்திருப்பான், ஒருவன் பாதியில் இருப்பான், நான் ஆரம்பித்திருக்க மாட்டேன். சாம்பார் சாதத்துக்கு நடுவே பேச ஒன்றும் இருந்திருக்காது.

8 மே 2019

இது நீளமாகப் போகும். வேலை இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

மூன்று நாளாக அம்மா ஊரில் இருக்கிறேன். வாலாஜா பக்கம். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா. கத்திரி வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது. வடாற்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: கொடியேற்றி இருபது நாள் பாரதம் நடக்கும். மத்தியானம் பிரசங்கியார் ஆர்மோனியக்காரரோடு உட்கார்ந்து கதை சொல்வார். ராத்திரிக் கூத்து முதல் நாளிலேயே கிடையாது. பாதி விழா போன பிறகுதான் ஜமா (கூத்துக் குழு) வந்து இறங்கும். அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும்வரை வில் வளைப்பு, துகில், தபசு, தூது, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று தினம் ஒன்று. கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம், சாயங்காலம் தீமிதி.

முந்தாநாள் மத்தியானம் பிரசங்கத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பந்தலில் 17 பேர். எண்ணினேன். அதில் நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் பிரசங்கியாரின் சொந்தத் தம்பி. ராத்திரி தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு உடனே உங்கள் இழைதான் ஞாபகம் வந்தது. விழாக் குழுவில் மாமா இருக்கிறார். டீக்கடையில் பிடித்துக் கேட்டேன்: "மாமா, கூத்தை மொத நாள்லேயே வெச்சா கூட்டம் வருமே?"

மாமா டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "மொத நாளே கூத்து வுட்டா பத்தாம் நாளு எவன்டா வருவான்?"

இது எனக்கும் தெரியும். காசு, தம்பி என்று நான் எழுதியதன் நல்ல பக்கம், அவ்வளவுதான். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து இன்னும் இரண்டு சொன்னார்.

ஒன்று: "இப்ப மொதலு வாரம் வந்தவன் எல்லாம் சொந்தக்காரனப் பாக்க வந்தவன். கறி சோறு, சீட்டாட்டம், பொண்ணு பாக்குறது. அவனுக்குக் கண்ணு கூத்துல இருக்காது. அவன் போன பெறவு நிக்கிறவன் தான் கூத்துப் பாக்குறவன்."

இரண்டு: "ஜமாவுக்குக் குடுக்கத் துட்டு வேணாமா? வரி வசூல் இன்னும் பாதிகூட ஆவுல."

முதலாவதைக் கேட்டதும் எனக்கு டன்ஜன் ரன் டிசம்பர் கண்முன் வந்தது. எக்ஸ்பான்ஷன் வந்த வாரம் உள்ளே இருப்பவன் பேக் உடைக்க வந்தவன், டெக் கட்ட வந்தவன், 2017 கார்டு எல்லாம் ஸ்டாண்டர்டிலிருந்து (புதிய கார்டுகள் மட்டும் செல்லும் ஆட்ட வகை) கழன்று விழுந்ததால் புதிதாக எது ஓடும் என்று பார்க்க வந்தவன். அவன் கண் பாஸ் மேல் இருக்காது. நம் ஹாஸ்டல் தம்பி மாதிரி ஆட்கள் கடைசிவரை நிற்பவர்கள். தம்பியின் கணக்கில் முதல் வாரமே கொடுப்பது நியாயம். கூட்டத்தின் கணக்கில் முதல் வாரம் கொடுத்தால் அது சொந்தக்காரன் சீட்டாட்டத்துக்கு நடுவே வாசித்த முகவீணை.

தம்பிக்கு இது ஆறுதல் இல்லை, தெரியும். பந்தலில் தூங்காத 13 பேரில் ஒருவர் நீங்கள். கூத்துக்காக மட்டுமே முதல் நாளே பாயோடு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் "பத்து நாள் போகட்டும்" என்று சொல்வது கொஞ்சம் கொடுமைதான்.

10 மே 2019

மாமாவிடம் நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, முக்கியமானதை விட்டுவிட்டாய் என்கிறார். ஜமா போன வாரம் வேறு ஊரில் கூத்துக் கட்டிக்கொண்டிருந்ததாம். சித்திரை, வைகாசி முழுக்க ஊருக்கு ஊர் பாரதம். நல்ல வாத்தியார் உள்ள ஜமா ஒரு கை விரலுக்குள். அவர்கள் அங்கே தீமிதி முடித்தால்தான் இங்கே வர முடியும்.

ஆக, இத்தனை தத்துவத்துக்கும் பிறகு, ஆள் இல்லை. புத்தாண்டு ராத்திரி எழுதின ஷூ கணக்குதான் மறுபடி.

10 மே 2019, பின்னிரவு

கர்ண மோட்சம் இன்றைக்கு இல்லை, 15ஆம் தேதிதான். கேட்டவர்களுக்கு. மோர் கிடைக்கும், பாய் நீங்களே கொண்டு வாருங்கள்.

17 மே 2019

தம்பி கேட்ட சிங்கிள் பிளேயர், டலரான் ஹைஸ்ட், நேற்று ராத்திரி இறங்கியது. ஏப்ரல் 9இலிருந்து எண்ணினால் 37 நாள்.

மாமாவின் இரண்டாவது காரணத்தை அன்றைக்கு நான் சும்மா எழுதிவிட்டுப் போனேன். நேற்றுதான் அது உறைத்தது. ஐந்து சாப்டர். முதல் சாப்டர் இலவசம். மற்ற நாலும் ஒவ்வொன்று 700 கோல்டு (ஆட்டத்துக்குள் ஆடிச் சேர்க்கும் காசு), இல்லை மொத்தமாக 19.99 டாலர், நம் காசில் சுமார் 1,400 ரூபாய். நாலு 700 என்றால் 2,800.

ஏப்ரல் 9 ராத்திரி என்னிடம் 4,600 கோல்டு இருந்தது. ஒரு பேக் 100. 46 பேக் உடைத்தேன். கையிருப்பு சுத்தமாகத் துடைத்துவிட்டது. அன்றைக்கே டலரான் ஹைஸ்ட்டும் வந்திருந்தால் முதல் சாப்டரை ஆடிவிட்டு அடுத்த கதவுக்கு முன்னால் பிச்சைக்காரன் மாதிரி நின்றிருப்பேன். தினசரி வேலைக்கு 50, 60 கோல்டு, மூன்று வெற்றிக்கு 10. சராசரி அறுபது என்று வைத்தால் 37 நாளில் 2,220. நேற்று திறந்து பார்த்தேன்: 2,310. மூன்று சாப்டருக்கு 2,100 போக 210 மிச்சம். நாலாவதற்கு இன்னும் 490 வேண்டும். எல்லாம் ஒரே நாளில் திறக்கவில்லை என்பதால் கடைசிக் கதவு வரும்போது அதுவும் சேர்ந்துவிடும்.

வரி வசூல்! மாமா ஆர்மோனியப் பெட்டியைக்கூடத் தொட்டதில்லை, கம்ப்யூட்டரை எங்கே தொடப்போகிறார். ஆனால் ஜமாவுக்குப் பணம் சேர எத்தனை நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். கோல்டு சேர்க்க நமக்கு அவகாசம் கொடுக்கிறார்கள் என்று நல்ல மனதோடு. இல்லை, ஏப்ரலில் ஒரு தடவை காலி செய்த பையை மேயில் இன்னொரு தடவை காலி செய்கிறார்கள் என்று. இரண்டும் ஒரே கணக்கு. முதல் நாள் நான் எழுதியது தப்பில்லை போலிருக்கிறது. அவசரத்தில் எழுதியது, அவ்வளவுதான்.

ஆட்டம் எப்படி என்று கேட்டால்: மொட்டை மாடியில், தரை இன்னும் சூடு விடாத ராத்திரி பதினொன்றரைக்கு, கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு விளக்குப் பூதம் ராகனிஷுவை எடுத்து டலரான் பேங்க்கில் நுழைந்தேன். நடுவில் பாப் என்று ஒருவர் மதுக்கடை வைத்திருக்கிறார். அங்கே வேண்டாத கார்டைக் கழித்துவிடலாம், வேண்டியதைக் கூட்டிக்கொள்ளலாம். டன்ஜன் ரன்னில் தூக்கிப் போடவே முடியாத குப்பைக் கார்டுகளைச் சுமந்தது ஞாபகம் இருப்பவர்களுக்கு அந்தக் கடையில் கண் கலங்கும். ஏழாவது பாஸில் கரண்ட் போனது. மாடியில் இருப்பவனுக்கு அதனால் என்ன என்று நினைத்தேன். கீழே வைஃபையும் போனது.

18 மே 2019

ஹாஸ்டல் தம்பி, உங்களுக்குப் பரீட்சை எப்போது முடிகிறது என்று சொல்லவில்லையே. ஆடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று புரிகிறது.

26 மே 2019

இந்த வாரம் ரோக் வகுப்பின் கார்டுகளின் பலத்தைக் குறைத்தார்கள். பிரிபரேஷன் என்ற கார்டு இப்போது அடுத்த மந்திரக் கார்டின் மனாவில் மூன்றுக்குப் பதில் இரண்டுதான் கழிக்கும். மே மாதம் முழுக்க லேடரில் எதிரே ரோக், திரும்பினால் ரோக். நான் லேடரைத் தொடாமல் பத்து நாள் டலரானிலேயே குடியிருந்தேன். தள்ளி வைத்ததற்கு இதுவும் ஒரு பயன்: லேடர் புளித்துப்போன சமயத்தில் ஒதுங்க ஒரு திண்ணை. முதல் வாரமே ஹைஸ்ட்டை முடித்திருந்தால் இந்த ரோக் வாரங்களில் ஆப்பையே அழித்திருப்பேன்.

பதினைந்து பேக் பரிசு, ஐந்து சாப்டரையும் முடித்தால். அதுவும் ஆறு வாரம் கழித்து வரும்போதுதான் ருசி. ஏப்ரல் 9 ராத்திரி 46க்கு மேல் இன்னும் 15 என்றால் விரல்தான் வலித்திருக்கும்.

கடைசி சாப்டரில் எட்டு அல்ல, பன்னிரண்டு பாஸாம். இப்போதைக்கு எட்டாவதிலேயே இரண்டு தடவை செத்துவிட்டேன். அறிவுரை இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் அனுதாபமாவது.

7 ஆகஸ்ட் 2019

தள்ளிப்போன வேலூர் தேர்தலில் முந்தாநாள் தோட்டப்பாளையத்து நண்பன் ஓட்டுப் போட்டான். நேற்று ஹார்த்ஸ்டோனின் அடுத்த எக்ஸ்பான்ஷன், சேவியர்ஸ் ஆஃப் உல்டம் வந்தது. வேலூருக்கு ஒரே வாரத்தில் இரண்டு ரிலீஸ். உல்டமின் சிங்கிள் பிளேயர் செப்டம்பரிலாம். யாரும் கேள்விகூடக் கேட்கவில்லை. பழகிவிட்டது.

16 ஆகஸ்ட் 2019

நேற்று சுதந்திர தின உரையில் நம் மாவட்டத்தை மூன்றாகப் பிரிப்பதாக அறிவித்துவிட்டார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். எனக்கு வீடு ஒரு சாப்டரில், வேலை இன்னொரு சாப்டரில். பஸ் டிக்கெட் 700 கோல்டு ஆகாமல் இருந்தால் சரி.

24 ஜனவரி 2020

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன், ஏனென்றால் என் கணக்கை நானே திருத்த வேண்டியிருக்கிறது. உல்டம் ஆகஸ்ட் 6, அதன் சிங்கிள் பிளேயர் டூம்ஸ் ஆஃப் டெரர் செப்டம்பர் 17: 42 நாள். அடுத்த எக்ஸ்பான்ஷன் டிசென்ட் ஆஃப் டிராகன்ஸ் டிசம்பர் 10, அதன் சிங்கிள் பிளேயர் கலக்ரோண்ட்ஸ் அவேகனிங் ஜனவரி 21: மறுபடி அதே 42 நாள். நாள் குறித்துத்தான் வைக்கிறார்கள். "தயாராகவில்லை" என்பதை இனிமேல் நான் முக்கியக் காரணமாகச் சொல்ல மாட்டேன். தற்செயலாக இரண்டு தடவை 42 வராது.

இன்னொன்று. கலக்ரோண்டில் 35 புது கார்டைச் சாப்டருக்குள் வைத்துவிட்டார்கள். இது நாக்ஸ்ராமஸ் வழி. அப்போது கேன்டீனில் எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது பிடிக்கவில்லை. காரணம் வெட்கக்கேடானது: இப்போது நான் லேடர் ஆடுகிறேன், பாஸை அடிக்க நேரமில்லை, ஆனால் கார்டு வேண்டும். தம்பி லேடரைப் பற்றிப் புலம்பியது போல நான் பாஸைப் பற்றிப் புலம்புகிறேன். தனியாள் ஆட்டத்தைத் தள்ளி வைப்பதில் வலி யாருக்கு என்பது உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்பதைப் பொறுத்தது. பரிசு பேக் என்றால் காத்திருப்பவன் தம்பி மட்டும். கார்டு என்றால் எல்லோரும்.

அப்புறம், டலரானில் கடை வைத்திருந்த பாப், ஹார்த்ஸ்டோனுக்குள் போன நவம்பரில் வந்த பேட்டில்கிரவுண்ட்ஸ் என்ற புது ஆட்ட வகையில் முழுநேர வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பார்த்தீர்களா? தனியாளுக்கு என்று செய்த கடை, இப்போது எட்டுப் பேர் அடித்துக்கொள்ளும் சந்தை.

9 ஏப்ரல் 2020

இழை ஆரம்பித்து சரியாக ஒரு வருடம் ஆகப்போகிறது. ஊரடங்கில் கம்பெனி மூடிப் பதினைந்து நாள். வீட்டில் இருக்கிறேன்.

இந்தத் தடவை தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். ஆஷஸ் ஆஃப் அவுட்லேண்ட் எக்ஸ்பான்ஷன் 7ஆம் தேதிதான் வந்தது, ஆனால் டீமன் ஹன்டர் என்ற வகுப்பின் முன்கதை 2ஆம் தேதியே வந்துவிட்டது. சிங்கிள் பிளேயர் முதலில், கார்டு பின்னால். புது வகுப்பு என்பதால் முதலில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும், கதையையும் சொல்ல வேண்டும். பிரசங்கம் முதலில், கூத்து பின்னால். மத்தியான வெயிலில் அந்த 17 பேர் எதற்கு உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது. கதை தெரியாதவனுக்கு ராத்திரி கர்ணன் பாடுவதில் பாதி போய்விடும்.

ஹாஸ்டல் தம்பி ஊருக்குப் போய்விட்டார், நெட்வொர்க் வீட்டு வாசலில் மட்டும் வருகிறதாம், தெருவிளக்குக்குக் கீழே நின்று டீமன் ஹன்டர் ஹீரோ இல்லிடனை ஆடினேன் என்று எழுதியிருந்தார்.

11 மே 2020

மாமா போன் செய்தார். இந்த வருடம் கொடியேற்றவில்லை. பிரசங்கியார் வீட்டுக்கு அரிசி அனுப்பியிருக்கிறார்கள். ஜமாவில் நாலு பேர் செங்கல் சூளைக்குப் போகிறார்களாம், கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவர் மட்டும் தினம் சாயங்காலம் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாரும் கேட்காமலே நையாண்டி பண்ணிக்கொண்டிருக்கிறாராம்.

"அடுத்த வருசம் மொத நாளே கூத்து வெச்சிடலாமா மாமா?" என்றேன்.

"வரி யார்ரா குடுப்பான்?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "கேக்குறேன். ஜமாவ வந்து கேக்கச் சொல்றேன்," என்றார்.